காலியாக இருக்க வேண்டிய கட்டம்

புதிதாக இந்த வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் நல்ல வார்த்தை அதிகம் கிடையாது. என்னோடு வேலை பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் அதைச் சொல்வார்கள். இருப்பது கோபம். அதிலும் ஒரு கோபம் இன்னும் ஆறவே இல்லை. ஓய்வு பெற்று, வீட்டில் உட்கார்ந்து வேளாவேளைக்கு மாத்திரை போட்டுக்கொள்கிற இந்தக் காலத்திலும் அதை நினைத்தால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது. அதனால் அதையே எழுதுகிறேன். படித்து முடிக்கும்போது அதில் கொஞ்சம் உங்களுக்கும் தொற்றினால் சந்தோஷம்.

நான் விழுப்புரத்தில் தொலைபேசித் துறையில் இருந்தவள். அங்கிருந்து ஓய்வு பெற்ற பிறகு, நீங்கள் இப்போது சேர்ந்திருக்கும் இதே நிறுவனம், இந்தப் பக்கத்து வேலைகளுக்கு என்னை எடுத்துக்கொண்டது. அலுவலகங்களின் கணினிக்குள் யாராவது திருட்டுத்தனமாக நுழைந்துவிட்டால், எப்படி வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள், இன்னும் உள்ளே இருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்வதுதான் நம் வேலை. அதில் 'யார்' என்ற கேள்வி கடைசியில்தான் வரும். பல சமயம் வரவே வராது. ஆனால் பணம் கொடுக்கிறவர்கள் முதல் நாளே கேட்பது அந்தக் கேள்வியைத்தான்.

விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. திண்டிவனத்தில் அதற்கு ஒரு கிளை ஆய்வகம். ஒருநாள் காலையில் இரண்டு இடத்திலும் எந்தக் கோப்பும் திறக்கவில்லை. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, பழைய நோயாளிகளின் விவரம் எல்லாவற்றையும் யாரோ பூட்டிவிட்டு, பணம் கொடுத்தால் திறக்கிறோம் என்று திரையில் எழுதி வைத்திருந்தார்கள். கோலியனூரிலிருந்தும் கண்டமங்கலத்திலிருந்தும் முதல் பஸ்ஸில் வந்த நோயாளிகள் கூடத்தில் நிரம்பியிருந்தார்கள். அன்றைக்கு வைத்திருந்த அறுவை சிகிச்சைகளைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. டாக்டர்கள் நிர்வாகத்தின் மேல் பாய்ந்தார்கள், நிர்வாகம் நம் மேல் பாய்ந்தது.

முதலில் பூட்டிக்கொண்டது திண்டிவனத்துக் கணினி என்பதால் நான் அங்கே போனேன். என்னோடு வேலை பார்த்த அருண், கெட்டிக்காரன், வேகமானவன், விழுப்புரத்தில் மருத்துவமனையிலேயே உட்கார்ந்து கணினிகளின் பதிவுகளை மேய்ந்துகொண்டிருந்தான். பூட்டு விழுவதற்கு முன்னால் திண்டிவனத்துக் கணினி திரும்பத் திரும்ப ஒரே ஒரு வெளி முகவரியோடு பேசியிருக்கிறது என்று அவன்தான் கண்டுபிடித்தான். அந்த டொமைனின், அதாவது இணைய முகவரியின், பெயரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. திண்டிவனத்தில் இருந்த ஒரு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எண்ணெய்ச் செக்கின் பெயர் அது.

ஒரு டொமைன் யாருடையது என்று பார்ப்பதற்கு நம்மிடம் தானாக இயங்கும் கருவி இருக்கிறது. பெயரைக் கொடுத்தால் பத்துப் பதினைந்து இடங்களில் விசாரித்து, எல்லாவற்றையும் ஒரே அட்டவணையாக நீட்டிவிடும். அதை நான் குறை சொல்லவில்லை. நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அது வேலையை முடித்துவிடும். அருண் அதில் அந்தப் பெயரைப் போட்டான். கொஞ்ச நேரத்தில் எனக்கு போன் வந்தது.

"மேடம், ஆளு கெடச்சாச்சு!"

"யாரு?"

"இங்கயே வேலை செய்றவங்க மேடம். கம்ப்யூட்டர் செக்ஷன்ல ரேவதின்னு ஒருத்தவங்க. டொமைன் அவங்க பேர்லதான் இருக்குது. போன் நம்பர் மேட்ச் ஆவுது. திண்டிவனம் அட்ரஸு. நம்ம டூல்ல பளிச்சுனு வந்துச்சு."

"யார்கிட்ட சொன்ன?"

அவன் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"அருண், உன்னத்தான் கேக்கறேன்."

"ஏ.ஓ. சார் என் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தாரு மேடம். அவரே ஸ்கிரீன்ல பாத்துட்டாரு."

ஏ.ஓ. என்பவர் மருத்துவமனையின் நிர்வாக அதிகாரி. அந்த அட்டவணையைப் பார்த்த மனிதர் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லையாம். நேராகப் போய் ரேவதியை அவள் இடத்திலிருந்து எழுப்பி, கைபேசியை வாங்கிக்கொண்டு, மீட்டிங் அறையில் உட்கார வைத்து, வாசலில் செக்யூரிட்டியை நிறுத்திவிட்டார்.

"ரிஜிஸ்ட்ரார்கிட்ட நேரா கேட்டுப் பாத்தியா?" என்றேன். டொமைன்களைப் பதிவு செய்து கொடுக்கும் நிறுவனத்தைத்தான் அப்படிச் சொல்வோம்.

"டூல் கேட்டுட்டுத்தானே மேடம் சொல்லுது?"

"நான் வர்ற வரைக்கும் யாருக்கும் எதுவும் அனுப்பாத. ஒரு வரி கூட" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உடனே விழுப்புரத்துக்குக் கிளம்பியிருக்கலாம். ஆனால் அட்டவணையில் இருந்த முகவரி நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பஸ் நிலையத்தைத் தாண்டி, மண்டிகள் இருக்கும் தெருவில். ஆட்டோவில் போய் இறங்கினால் அது வீடே இல்லை. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், விசிட்டிங் கார்டு, வெப்சைட் டிசைன் என்று பலகை மாட்டிய ஒரு கம்ப்யூட்டர் கடை. உள்ளே ஆதார் திருத்தத்துக்கு ஒரு கூட்டம் நின்றிருந்தது. கடைக்காரர் என் அடையாள அட்டையைப் பார்த்ததும் ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டார்.

"ரேவதியா? நம்ம கடையிலதான் மேடம் வேலை செஞ்சிக்கினு இருந்துச்சு. மரக்காணம் பக்கம் கடலோரத்துப் பொண்ணு. டெய்லி பஸ்ல வந்துட்டுப் போவும். நல்லா டிசைன் பண்ணும். இப்ப விழுப்புரத்துல பெரிய ஆஸ்பத்திரில வேலை கெடச்சிப் போயிடுச்சே."

செக்கின் பெயரைச் சொல்லி, அந்த வெப்சைட் எப்படி அவள் பெயரில் வந்தது என்று கேட்டேன். ஏதோ சூரியன் ஏன் கிழக்கே உதிக்கிறது என்று கேட்டுவிட்டதைப் போல என்னைப் பார்த்தார்.

"எல்லாமே அது பேர்லதான் மேடம் போடுவோம். செக்கு, ஜவுளிக்கடை, மண்டபம், ஸ்கூலு, எல்லாம். கஸ்டமருங்க யாருக்கு ஓடிபி பாத்துச் சொல்லத் தெரியுது? 'நீங்களே போட்டுக்கங்க, எனக்கு சைட்டு வந்தா போதும்'னுவாங்க. வேலை செய்றவங்க பேர்லதானே போடுவாங்க? எல்லாக் கடையிலயும் இதான் மேடம்."

உண்மை. நான் பார்த்த சின்ன ஊர்களில் எல்லாம் இதுதான் வழக்கம். கடை ஒருவருடையது, வியாபாரம் இன்னொருவருடையது, பெயரும் போன் நம்பரும் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் பெண்ணுடையது. இந்த நாட்டில் எத்தனை டொமைன்கள் இப்படி யாரோ ஒரு டிசைனரின் பெயரில் நிற்கின்றன என்று யாருக்கும் தெரியாது. தொழிலின் இந்தப் பழக்கம் சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து கருவி வாங்குகிறவர்களுக்கும் தெரியாது, கருவிக்கும் தெரியாது.

"இப்பவும் அந்த டொமைன் உங்க கணக்குலதான் இருக்கா?"

"அது போயே போச்சு மேடம். செக்குக்காரரு மூடிட்டுப் பொண்ணு வூட்டோட போயிட்டாரு. ரேவதி இங்க இருந்தப்பவே போன் போட்டுக் கேட்டுச்சு, ரெனிவல் பண்ணலாமான்னு. வேணாம்னுட்டாரு. அப்படியே உட்டுட்டோம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மேடம், போலீஸு கீலீஸுன்னு வந்தா பேஜாராயிடும். என் பேரு எங்கயும் வர வேணாம்."

"உங்க பேரு வராதுங்க. அதுக்குத்தானே அந்தப் பொண்ணு பேரப் போட்டீங்க?" என்றேன். அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

காரில் வரும்போது, விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரிசையில் நிற்கையில், அருண் மறுபடி கூப்பிட்டான். மாலையில் இன்ஸ்பெக்டர் வருகிறாராம். அதற்குள் ரேவதியிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிவிட வேண்டும் என்று ஏ.ஓ. துடிக்கிறாராம். அவள் அழுகிறாளாம். "புது ஸ்கூட்டி வாங்கியிருக்காங்க மேடம், அதுவும் சந்தேகமா இருக்குன்றாரு" என்றான். எனக்கு அங்கேயே தலைக்கேறிவிட்டது. பெயர் ஒன்று கிடைத்துவிட்டால் போதும். அதன் பிறகு அந்த ஆள் தவணையில் வாங்கிய ஸ்கூட்டியும் சாட்சி, வேலை முடியவில்லை என்று நேரம் கழித்து உட்கார்ந்திருந்ததும் சாட்சி, பேசாமல் இருந்தாலும் சாட்சி, அழுதாலும் சாட்சி.

மீட்டிங் அறைக்குள் போனேன். நீள மேசையின் ஒரு மூலையில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஏ.ஓ.வும் மனிதவளத்திலிருந்து ஒருவரும். மேசை மேல் தட்டச்சு செய்த கடிதம் தயாராக இருந்தது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. காலையிலிருந்து பாத்ரூம் போவதற்குக்கூட செக்யூரிட்டியின் துணையோடுதான் அனுப்பியிருக்கிறார்கள். கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

"வாங்க மேடம்" என்றார் ஏ.ஓ. "அவங்களே ஒத்துக்கிட்டா சுமுகமா முடிச்சிடலாம்னு பாக்கறோம். சின்னப் பொண்ணு. குப்பத்துலேர்ந்து வந்து இந்த நெலமைக்கு வந்திருக்குது. வாழ்க்க வீணாயிடக் கூடாதில்லையா?"

அந்தக் 'குப்பம்' என்ற சொல்லை அவர் சொன்ன விதம் இருக்கிறதே! அதற்கு நான் பதில் சொன்னால் பேச்சு வேறெங்கோ போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ரேவதியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, செக்கின் பெயரைச் சொல்லி, "இது என்ன டொமைன்மா?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இத யாருமே கேக்கல மேடம். 'ஏன் பண்ணே, ஏன் பண்ணே'ன்னுதான் காலையிலேர்ந்து கேட்டுக்கினு இருக்காங்க. எத பண்ணன்னே எனக்குத் தெரியல."

பிறகு கடகடவென்று சொன்னாள். கடைக்காரர் சொன்ன அதே கதை. செக்குக்காரருக்கு ஓடிபி தெரியாது, அதனால் தன் பெயர், கடை முகவரி, தன் நம்பர். புதுப்பிக்க வேண்டுமா என்று அவள் கேட்டது, அவர் வேண்டாம் என்றது. ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. அவளுடைய கைபேசி காலையிலிருந்து ஏ.ஓ.வின் சட்டைப்பையில் இருந்தபடியால், இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று அவராலேயே சொல்ல முடியாமல் போயிற்று.

அருணைக் கூப்பிட்டேன். மடிக்கணினியோடு வந்தான். "கருவிய மூடு. ரிஜிஸ்ட்ரியில நேரா கேளு" என்றேன். டொமைன்களின் அந்த மூலப் பதிவேடு தரும் பதிலில் அட்டவணை, வண்ணம் எதுவும் இருக்காது. வெறும் வரிகள்தான். பதிவு செய்த நாள்: ரேவதி இந்த மருத்துவமனையில் சேர்ந்து பல மாதம் கழித்து. பதிவு செய்து கொடுத்த நிறுவனம்: திண்டிவனம் கடைக்காரர் பயன்படுத்தியது இல்லை, வெளிநாட்டில் வேறு ஒன்று. உரிமையாளர் பெயர்: மறைக்கப்பட்டுள்ளது.

அருண் மறுபடி கருவியின் அட்டவணைக்குப் போனான். ரேவதியின் பெயருக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன அம்புக்குறி. அதை அழுத்தினான். சாம்பல் நிறத்தில் ஒரு வரி விரிந்தது. இப்போதைய உரிமையாளர் விவரம் கிடைக்கவில்லை, கடைசியாகத் தெரிந்த உரிமையாளரைக் காட்டுகிறோம் என்று சொன்னது.

புரிகிறதா? அந்தக் கருவிக்குக் கட்டம் காலியாக இருந்தால் பொறுக்காது. இன்றைய ஆளின் பெயர் தெரியவில்லை என்றால் நேற்றைய ஆளின் பெயரை எடுத்து அங்கே ஒட்டிவிடும். வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவர்களைத் தேடிப் பிடித்து, இன்று அந்த வீட்டில் நடந்த கொலைக்குக் கைதுசெய்வதற்குச் சமம் அது. அதைச் சொல்லும் ஒற்றை வரியையும் யாரும் திறந்து பார்க்காத இடத்தில் மறைத்து வைத்திருக்கிறார்கள். இதற்கு வருடா வருடம் லட்சக்கணக்கில் சந்தா கட்டுகிறோம். காலியான கட்டத்தைக் காட்டினால் வாடிக்கையாளர் சந்தா கட்ட மாட்டார் என்று யாரோ ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள், எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்களை நேரில் பார்த்தால் என்ன கேட்பேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது.

அருணுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவன் மேல் எனக்குக் கோபம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கோபம் அன்று மாலையோடு போய்விட்டது, ஏனென்று இதோ சொல்கிறேன்.

ஏ.ஓ. லேசில் விடுகிற ஆளில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி மேடம். பேரு மறைஞ்சிருக்குது. அப்ப இவங்களே பேர மறைச்சிக்கினு திரும்ப வாங்கியிருக்கலாம்ல? அந்த டொமைன் காலியா கிடக்குதுன்னு இவங்களுக்குத்தானே தெரியும்?" என்றார்.

கேள்வி நியாயமானதுதான், ஒப்புக்கொள்கிறேன். அன்று முழுவதும் அந்த மனிதர் கேட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான்.

"வாங்கியிருக்கலாம் சார்" என்றேன். "நீங்களும் வாங்கியிருக்கலாம். நானும் வாங்கியிருக்கலாம். டொமைன் காலியானா ஊர் உலகத்துக்கே தெரியும், அதுக்குன்னே பட்டியல் போட்டு விக்கறாங்க. இவங்க செய்யலன்னு நான் இப்ப சொல்லல. இவங்கதான்னு சொல்ல உங்ககிட்ட எதுவுமே இல்லன்றேன். எதுவுமே இல்லாம ஒரு பொண்ணக் காலையிலேர்ந்து அடைச்சி வச்சிருக்கீங்க. இன்ஸ்பெக்டர் வந்தா அதத்தான் நான் மொதல்ல சொல்லுவேன்."

மனிதவளத்துக்காரர் மேசை மேலிருந்த கடிதத்தை மெல்ல எடுத்துத் தன் கோப்புக்குள் வைத்துக்கொண்டார்.

அப்போது அருண்தான் பேசினான். "மேடம், அந்த டொமைன் ஓடற சர்வர்ல வேற என்னென்ன டொமைன் உக்காந்திருக்குதுன்னு பாக்கட்டுமா? ஒவ்வொண்ணா, கையாலயே." பார் என்றேன். அந்த மேசையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக நேரடியாகக் கேட்டுப் பார்த்தான். அவசரப்பட்டவன் அன்று பொறுமையாக இருந்ததைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். அதே நாளில், அதே வெளிநாட்டு நிறுவனத்தில், பெயரை மறைத்து வாங்கிய டொமைன்கள் வரிசையாக வந்தன. வேறு மாநிலத்துத் தையல் கடை, எங்கோ ஒரு கல்யாண மண்டபம், ஒரு பள்ளிக்கூட வேன் சர்வீஸ். எல்லாமே யாரோ சின்ன வியாபாரிகள் புதுப்பிக்காமல் விட்டவை. பல வருடம் எந்தத் தப்பும் செய்யாத பழைய பெயர் என்பதால் மெயில் வடிகட்டிகள் அவற்றைச் சந்தேகப்படாமல் உள்ளே விட்டுவிடும். அதற்காகவே ஒரு கூட்டம் இவற்றை மொத்தமாக வாங்கிப் போட்டிருக்கிறது. அத்தனையையும் ரேவதிதான் வாங்கினாள் என்று சொல்ல ஏ.ஓ.வுக்கே வாய் வரவில்லை.

கைபேசியை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "ப்ரொசீஜர்தாம்மா. மனசுல வச்சிக்காத. போய் வேலையப் பாரு" என்றார். மன்னிப்பு என்ற சொல் அந்தக் கட்டடத்தில் எந்த மாடியிலும் அன்று கேட்கவில்லை.

நான் அவளோடு படிக்கட்டு வரைக்கும் போனேன். முகம் கழுவிக்கொண்டு வந்தாள். வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம், அப்பா கடலுக்குப் போயிருக்கிறார், கரைக்கு வந்ததும் இதைக் கேட்டால் நேராக இங்கே வந்து நின்றுவிடுவார் என்றாள். நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன், உண்மை தெரிந்துவிட்டதல்லவா என்கிற மாதிரி. அவள் என்னை நேராகப் பார்த்துச் சொன்னது இது:

"நான் பண்ணலன்னு எத்தினி வாட்டி சொன்னேன் மேடம். ஒருத்தரும் காதுல வாங்கல. இப்ப இன்னொரு கம்ப்யூட்டரு சொல்லிச்சுன்னு உட்டுட்டாங்க. அது வேற மாதிரி சொல்லியிருந்தா?"

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். நம் அறிக்கையின் படிவத்தில் 'டொமைன் உரிமையாளர்' என்று ஒரு கட்டம் உண்டு. சிவப்பு நட்சத்திரம் போட்டிருக்கும், நிரப்பாமல் விட்டால் அடுத்த பக்கத்துக்கே போகாது. கருவியைத் திட்டிக்கொண்டிருந்தேனே, நம் வீட்டிலும் அதே கதைதான். அதில் 'தெரியவில்லை' என்று தட்டினேன். சென்னையிலிருந்து மேலாளர் கூப்பிட்டார். "கிளையன்ட் ஒரு பேர எதிர்பாக்கறாங்க மேடம். 'தெரியவில்லை'ன்னு போட்டா நாம என்ன வேலை செஞ்சோம்னு கேப்பாங்க" என்றார். "ஒரு பொண்ணு ஜெயிலுக்குப் போகாம பாத்துக்கிட்டோம்னு சொல்லுங்க. அத பில்லுல எந்த வரியில போடறதுன்னு நீங்களே பாத்துக்கங்க" என்றேன். அதன் பிறகு அவர் என்னிடம் அதிகம் பேசியதில்லை. எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

தெரியவில்லை என்பது ஒரு விடை. நம் தொழிலில் நேர்மையான விடைகளில் பாதி அதுதான். அதைச் சொல்ல வெட்கப்படுகிறவர்கள் தயவுசெய்து வேறு வேலை தேடிக்கொள்ளுங்கள். மேலே நிற்கிறவருக்கு மாலைக்குள் ஒரு பெயர் வேண்டும் என்பது அவருடைய கஷ்டம். அந்தக் கஷ்டத்தைத் தீர்ப்பதற்காகக் கருவி நீட்டிய பெயரை அப்படியே தூக்கிக் கொடுத்தால், கொடுத்தது நீங்கள், கருவி இல்லை. 'டூல் சொல்லிச்சு' என்று நாளை நீதிமன்றத்தில் கருவியைக் கூண்டில் ஏற்ற முடியாது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு கொதித்திருக்க மாட்டேன்.

ரேவதி அந்த மருத்துவமனையில் அதிக நாள் இருக்கவில்லை. 'பாதுகாப்புக்காக' அவளுக்கு இருந்த கடவுச்சொற்களை எல்லாம் எடுத்துவிட்டு, டோக்கன் கொடுக்கும் இடத்தில் உட்கார வைத்தார்கள். அவள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். புதுச்சேரியில் ஒரு நிறுவனத்தில் நேர்முகத் தேர்வு முடித்து, சேரும் தேதி வரைக்கும் சொல்லிவிட்டு, கடைசி நேரத்தில் வேண்டாம் என்றுவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. எனக்கு அங்கே பழைய பழக்கத்தில் ஒருவரைத் தெரியும், கேட்டேன். ஆள் எடுப்பதற்கு முன் விண்ணப்பதாரர்களின் மின்னஞ்சலையும் நம்பரையும் ஒரு கருவியில் போட்டுப் பார்ப்பார்களாம். இவளுடையதைப் போட்டபோது சிவப்பாக வந்ததாம். மருத்துவமனையைப் பூட்டிய டொமைனோடு தொடர்புள்ளவர் என்று.

அதே கருவிதான். அந்த டொமைன் கெட்டது என்று நம் விசாரணையிலிருந்து கற்றுக்கொண்டது. அதன் உரிமையாளர் ரேவதி என்ற பழைய விவரத்தை மட்டும் விடவில்லை. இரண்டையும் தானே முடிச்சுப் போட்டுக்கொண்டது. நாம் கண்டுபிடித்த பாதி உண்மையை எடுத்து அவள் தலையிலேயே கட்டிவிட்டது.

கருவி செய்யும் நிறுவனத்துக்கு எழுதினேன். ஒரு முறை இல்லை. தேதிகளைக் காட்டி, நேரடிப் பதிவைக் காட்டி, விளக்கமாக எழுதினேன். பதில் வந்தது, அதுவும் தானாக வரும் பதில்தான். தாங்கள் காட்டும் விவரம் 'வரலாற்று ரீதியாகச் சரியானது' என்பதால் அதை நீக்க இயலாதாம். என் கருத்துக்கு நன்றியாம். அந்த மின்னஞ்சலைப் படித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து கதவைத் தட்டினார்.

இன்று காலை, இதை எழுத உட்காரும் முன், மறுபடி அந்த டொமைனைத் தேடிப் பார்த்தேன். அருண்தான் தன் கணினியில் போட்டுக் காட்டினான். அவன் இப்போது உங்களில் பலருக்கு மேலதிகாரி. அவன் பார்க்கும் எந்த அறிக்கையிலும் நேரடியாகக் கேட்டுச் சரிபார்த்த பதில் இல்லாமல் பெயர் வராது, அதனால்தான் என் கோபத்திலிருந்து அவனுக்கு விடுதலை. அட்டவணை வந்தது. உரிமையாளர் கட்டத்தில் ரேவதி. திண்டிவனம் முகவரி. பக்கத்தில் அந்த அம்புக்குறி, இன்னும் கொஞ்சம் சின்னதாகியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

அவள் இன்னும் விண்ணப்பம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். மரக்காணத்திலிருந்து திண்டிவனம் வந்து, எங்கேயெல்லாம் பஸ் போகிறதோ அங்கேயெல்லாம் நேர்முகத் தேர்வுக்குப் போய்வருகிறாள். நம்மைப் போன்ற நிறுவனங்கள்தான் இப்போது ஆட்களைச் சரிபார்க்கும் வேலையையும் எடுத்துச் செய்கின்றன. ஆகவே அவள் விண்ணப்பம் ஒருநாள் உங்களில் ஒருவரின் மேசைக்கு வரும். திரையில் சிவப்பாக ஒரு வரி வரும். உங்களுக்கு அன்று இன்னும் நிறைய வேலை பாக்கியிருக்கும், மேலே ஒருவர் முடிவு கேட்டு நின்றுகொண்டிருப்பார்.

அந்த அம்புக்குறியை அழுத்துங்கள். பிறகு விண்ணப்பத்தில் இருக்கும் நம்பருக்கு போன் செய்து, 'இது என்ன டொமைன்மா?' என்று கேளுங்கள். சொல்லிவிடுவாள். அன்று காலையிலேயே அவள் சொல்லத் தயாராகத்தான் இருந்தாள், கேட்கத்தான் அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.